கை கழுவுவது பற்றி: வியாசர்பாடி பட்டறைக் குழுவுக்கு

அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர் வயிற்றுப்போக்கு என்று லீவு. யாரையும் குறை சொல்லவில்லை. நானே கிரீஸ் கையை வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டு பஜ்ஜி எடுத்தவன்தான்.

"சானிடைசர் போட்டேனே" என்கிறீர்கள். கையில் எண்ணெயும் இரும்புத் தூளும் அப்பியிருந்தால் அது சரியாக வேலை செய்யாது. நோரோ வைரஸ் மாதிரியான வயிற்றுக் கிருமிக்கு எப்படியும் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி, 20 நொடி தேய்க்க வேண்டும். கட்டைவிரல், நகக்கண், விரல் இடுக்கு, இதையெல்லாம்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். மோதிரம் போட்டவர்கள் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், அடியில் கறுப்பாக ஒரு வளையம் நிற்கும்.

அப்புறம், தின்னரும் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கை கழுவுவதை நிறுத்துங்கள். அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையும் போய்விடும். வெடித்த தோலில் கிருமி எளிதாகப் புகும்.

நாளை முதல் குழாயடியில் சோப்பு வலைப்பையில் தொங்கும். (தரையில் விழுந்து மண் அப்பிய சோப்பைப் பார்த்து அலுத்துவிட்டது.) மெட்ரோ தண்ணீர் வராத நாளில் நீல டிரம்மிலிருந்து மக்கில் மொண்டு ஊற்றுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். துடைக்க அவரவர் கைக்குட்டை. பொதுத் துண்டை எடுத்துவிட்டேன். அதன் நிறம் என்னவென்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

கழிவறை போய்வந்ததும், டீக்கும் சாப்பாட்டுக்கும் முன்பும் கட்டாயம். சோப்பு தீர்ந்தால் இங்கே ஒரு வார்த்தை போடுங்கள், அன்றே வாங்கி வைக்கிறேன்.