கார் குலுக்கலுக்கு ரீல்ஸ் போடும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். "இந்தக் கூப்பனை வாங்குங்கள், குலுக்கலில் உங்களுக்குக் கார் விழலாம்" என்று நீங்கள் போடும் வீடியோக்களை நான் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் கூப்பன்கள்தான் என் கடையைத் தேடி வருகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃபைக் காட்டி, "இதை ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்கிறார்கள். மேலே பளபளவென்று ஒரு கார், நடுவில் சிரித்தபடி உங்கள் முகம், கீழே ஆறு இலக்க எண்.

போன மாதம் வந்தவர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒரு அக்கா. 199 ரூபாய் கூப்பன் ஐந்து வாங்கியிருந்தார். போன் ரிப்பேராகிவிட்டால் நம்பர் போய்விடுமே என்ற பயத்தில் பிரிண்ட் எடுக்க வந்திருக்கிறார். கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும், அதுதான் காசு கம்மி என்றார். கூப்பனுக்கு 995 ரூபாய் கொடுத்தவர் பிரிண்டுக்குக் கணக்குப் பார்த்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கார் ஓட்டத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். "யாரு ஓட்ட? வித்து மக கல்யாணத்துக்கு வச்சுக்கிடலாம்லா" என்றார்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் கோர்ட்டுக் காகிதங்களை இருபது வருடமாக நகல் எடுத்து எடுத்து, கொஞ்சம் படிக்கவும் பழகிவிட்டேன். காசு வாங்கிக்கொண்டு, குலுக்கிப் போட்டு, பரிசு கொடுத்தால் அதற்குப் பெயர் லாட்டரி. பரிசு ரொக்கமா காரா என்பது இதில் பேச்சே இல்லை. 1998-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி லாட்டரி நடத்த மாநில அரசுகளுக்கு மட்டும்தான் அனுமதி. நம் மாநிலத்தில் அதுவும் கிடையாது. 2003-இல் மொத்தமாகத் தடை வந்துவிட்டது. 1968-இல் அண்ணா ஆட்சியில் "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அரசே சீட்டு விற்ற ஊர் இது. அப்புறம் பூட்டான், நாகாலாந்து, சிக்கிம் என்று வந்த சீட்டுகள் எத்தனை குடும்பங்களின் கூலியைத் தின்றன என்பதை இதே பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவன் நான். அரசாங்கமே வேண்டாமென்று விட்ட தொழிலை நீங்கள் கையில் எடுத்திருக்கிறீர்கள்.

"குலுக்கல் நடத்துவது வேறு ஆள், நாங்கள் விளம்பரம் மட்டும்தான் செய்கிறோம்" என்பீர்கள். அதற்காகத்தான் இந்த மடலே. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். அனுமதியில்லாத லாட்டரிக்கு அலுவலகம் நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை. அதோடு முடியவில்லை. அப்படிப்பட்ட குலுக்கலில் பணமோ பொருளோ தருவதாக அறிவிப்பை வெளியிடுகிறவருக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் ரீல் அந்த அறிவிப்பு அல்லாமல் வேறென்ன?

சிலர் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். விற்பது கூப்பன் இல்லையாம், ஒரு சாவிக்கொத்தோ டி-ஷர்ட்டோ ஸ்டிக்கரோதானாம். அதை வாங்குபவர்களுக்கு "இலவசமாக" ஒரு நம்பர். தம்பி, நீங்கள் பிறக்கும் முன்பே இதற்கு இங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், பொருள் வாங்கியவர்களுக்குள் சீட்டு எடுத்துப் பரிசு கொடுப்பதைத்தான் தடுக்கிறது. பெரிய பெரிய கம்பெனிகளின் பரிசுப் போட்டி விளம்பரங்களில், "தமிழ்நாட்டில் பொருந்தாது" என்று எறும்பு சைசில் ஒரு வரி ஓடுமே, பார்த்திருக்கிறீர்களா? அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், அதனால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். (ஆடித் தள்ளுபடிக்குக் கூப்பன் கொடுக்கும் துணிக்கடைகளும் இதைப் படித்தால் தேவலை. அது வேறு கதை.)

"துபாயில் நடக்கிறதே, லண்டனில் நடக்கிறதே" என்றும் கேட்கிறீர்கள். நடக்கிறது. துபாய் விமான நிலையத்தில் 1989-இலிருந்து கார்களை நிறுத்தி வைத்துச் சீட்டு விற்கிறார்கள். வளைகுடா போய் வந்த நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கேயே பத்து லட்சம் டாலர் குலுக்கலுக்கு மொத்தச் சீட்டே 5,000தான். ஐயாயிரத்தில் ஒருவர் என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் இப்படிக் குலுக்கல் நடத்துபவர்கள் லாட்டரிச் சட்டத்தில் மாட்டாமல் இருக்க, காசில்லாமல் தபாலில் கலந்துகொள்ள வழி வைக்க வேண்டும். இல்லையென்றால் பலருக்கு விடை தெரியாத அளவுக்குக் கடினமான கேள்வி கேட்க வேண்டும். நீங்கள் "தமிழ்நாட்டின் தலைநகரம் எது?" என்று கேட்டுவிட்டு அறிவுப் போட்டி என்கிறீர்கள்.

சரி, சட்டத்தை விடுங்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு 12 லட்ச ரூபாய் கார், 199 ரூபாய் கூப்பன், 50,000 பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். வசூல் 99 லட்சத்து 50 ஆயிரம். காரை உண்மையாகவே கொடுத்தாலும், அந்த 12 லட்சத்தை 50,000 கூப்பனுக்கும் பங்கு போட்டால் ஒரு கூப்பனின் மதிப்பு 24 ரூபாய்தான். அதிலும் குலுக்கல் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. வேறு வருமானமே இல்லாத ஆளுக்கும் இதே வரிதான். 12 லட்சத்துக்கு 3,74,400 ரூபாய். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்டுதான் சாவியையே கொடுக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? வரியைக் கழித்தால் அந்த 24 ரூபாயும் 17-க்குக் கீழே இறங்கிவிடும். உங்களில் ஒருவராவது ரீலில் இந்த வரியைப் பற்றி வாய் திறந்திருக்கிறீர்களா?

இந்த மௌனத்தை நம்பித்தான் இன்னொரு கூட்டமும் பிழைக்கிறது. "உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, வரிப் பணத்தை இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள்" என்று போன் வரும். உண்மையான வரி வருமான வரித் துறைக்கு, பரிசு பெற்றவரின் பான் எண்ணில் போகும். எவனோ ஒருவனின் செல் நம்பருக்குப் போகாது. அப்படிக் கட்டி ஏமாந்து வந்த இரண்டு பேருக்கு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் எல்லோரையும் மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை. உண்மையாகவே கார் கொடுத்தவர்களும் இருக்கலாம். ஆனால் எத்தனை கூப்பன் விற்றது என்று ஒருவரும் சொல்வதில்லை. அக்கா வாங்கிய குலுக்கலை லைவில் நானும் பார்த்தேன். திரையில் ஒரு சக்கரம் நாலு நிமிடம் சுற்றியது, ஒரு பெயர் வந்தது, லைவ் முடிந்தது. அந்தச் சக்கரத்துக்குள் அக்காவின் ஐந்து நம்பரும் இருந்தனவா என்று யாருக்குத் தெரியும்? குலுக்கல் முடிவைக் கலந்துகொண்டவர்களிடமிருந்து மறைப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு 10 லட்சம் வரை அபராதமும் அதே சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் வாங்கிய விளம்பரக் காசு அதைத் தாங்குமா, யோசியுங்கள்.

நான் கேட்பது இரண்டுதான். இனி எந்தக் கார் குலுக்கலுக்கும் முகம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே விற்றுவிட்டீர்கள் என்றால், எத்தனை விற்றது, வண்டி யாருக்குப் போனது என்று போடுங்கள். போட முடியாவிட்டால் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அக்கா அந்த ஐந்து தாளையும் இன்னும் மடித்துப் பர்சில்தான் வைத்திருக்கிறார். பழைய நம்பர் அடுத்த குலுக்கலுக்கும் செல்லுமா என்று உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். உங்களில் ஒருவரின் கமெண்டில் கேட்டேன். அரை மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டு, என்னையும் பிளாக் செய்துவிட்டார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
கோவில்பட்டி