வண்டி உங்களிடம், ஆர்.சி. இன்னும் என் பெயரில்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், திருச்சி.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர், பழைய இருசக்கர வாகனக் கொள்முதல் பிரிவு.

பொருள்: பிப்ரவரி 12 அன்று ஒப்படைத்த தண்டர்பேர்டு 350 வண்டியின் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) மாற்றாதது, மீட்டரைக் காரணம் காட்டிப் பணம் பிடித்தது.

ஐயா / அம்மா,

நேற்றுக் காலை என் கைப்பேசிக்கு ஒரு செலான் (அபராதச் சீட்டு) வந்தது. ஓசூரில் ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு 1,000 ரூபாய் அபராதம். படத்தில் இருப்பது மூன்று மாதம் முன்பு என் வீட்டு வாசலிலிருந்து உங்கள் ஆட்கள் ஏற்றிப்போன வண்டி. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் தேடினால் உரிமையாளர் என்று இன்னும் என் பெயர்தான் வருகிறது.

2017-இல் வாங்கினேன். பின்சீட்டில் சாய்மானம் இருப்பதால் மனைவிக்கு வசதி என்று ராமேஸ்வரம் வரைகூடப் போயிருக்கிறோம். எல்லாம் முதல் இரண்டு வருடங்கள்தான். பிறகு எனக்கு முதுகில் டிஸ்க் விலகியது. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஆனாலும் அதைத் துருப்பிடிக்க விடவில்லை. மாதம் ஒருமுறை தம்பி மகன் சமயபுரம் வரை ஓட்டிவிட்டு வருவான். டயர் ஒரே இடத்தில் அமுங்கிவிடும் என்று சென்டர் ஸ்டாண்டில்தான் நிறுத்துவோம். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கிப் பிசினாகாமலும் பார்த்துக்கொண்டோம்.

இப்படிக் காப்பாற்றிய வண்டியைத்தான் உங்கள் யார்டில் சந்தேகப்பட்டார்கள். 96,000 ரூபாய் என்று பேசி ஏற்றிப்போன பிறகு, "எட்டு வருஷ வண்டிக்கு 9,640 கிலோமீட்டர்தானா, மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள்" என்று 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் அச்சாகியிருக்கின்றன. பில்கள் அத்தனையும் வண்டியோடு கொடுத்தேன். ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஆர்.சி. நாளை அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈட்டு வழக்கு என்மேல்தான் வரும். பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதற்காகத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் 29சி படிவம் நடைமுறைக்கு வந்தது. வண்டி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியின் கைக்குப் போனதும் இருவரும் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால், அதன்பின் பொறுப்பு வியாபாரியுடையது. சோதனை ஓட்டம், பழுது, பெயின்ட், ஆய்வு போன்ற வேலைகளுக்குத் தவிர அவர் அதை ரோட்டில் இறக்கவும் கூடாது. உங்கள் ஆள் என்னிடம் வாங்கியதோ பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் தேதி போடாத கையெழுத்து மட்டும். "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்றார். நம்பினேன். ஆர்.சி. மாற்றும் கட்டணம் என்று 1,500 ரூபாயும் கழித்தீர்கள். நான்கு முறை போன் செய்துவிட்டேன். "ப்ராசஸ்ல இருக்கு" என்பதற்கு மேல் பதில் இல்லை.

ஏழு நாளுக்குள் ஆர்.சி.யை மாற்றி அதன் நகலை அனுப்புங்கள். பிப்ரவரி 12 முதல் வண்டி உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். ஓசூர் அபராதத்தை நீங்களே கட்டுங்கள். பிடித்த 12,000 ரூபாயைத் திருப்பித் தந்து, மீட்டரைத் திருத்தியதாக என்மேல் சொன்ன பழியையும் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும்.

இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வண்டி ஒப்படைத்த ரசீது, செலான், சர்வீஸ் பில்களின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்