பசிக்காத வயிற்றுக்கு: அறுவை முடிந்து வீடு திரும்பிய அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய உணவுத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது அதற்குத் துணைதான். நாள்கணக்கிலோ அளவிலோ வேறுபாடு தெரிந்தால் உங்கள் மருத்துவர் சொன்னதே சரி.

உங்களுக்குச் செய்தது ஸ்லீவ் என்ற எடைக்குறைப்பு அறுவை. இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிட்டு, மீதியை ஒரு ஒடுங்கிய குழாயாக விட்டிருக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரந்தது எடுத்துவிட்ட அந்தப் பகுதியில். அதனால்தான் இப்போது பசியே இல்லை. ‘பசிக்கவில்லையே, இந்த வேளை போகட்டும்’ என்று தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வயிறு சுருங்கிவிட்டது, ஆனால் தையல் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் உடம்புக்கு வேண்டிய புரதம் சுருங்கவில்லை. இனி சில மாதங்களுக்குக் கடிகாரம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

உணவைவிடத் தண்ணீர் முந்தி. வீடு திரும்பியவர்கள் முதல் மாதத்தில் மறுபடி மருத்துவமனைக்குப் போக நேர்வதற்கு நீரிழப்பு ஒரு பெரிய காரணம். முன்பு போல ஒரு டம்ளரை மடமடவென்று குடிக்க முடியாது. குடித்தால் நெஞ்சு அடைத்து அப்படியே வெளியே வந்துவிடும். மருந்து அளக்கும் 30 மில்லி மூடி ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒரு மூடி, அதையும் இரண்டு மூன்று மிடறாக. மணிக்கு 120 மில்லி, விழித்திருக்கும் 13 மணி நேரத்துக்கு 1,560 மில்லி. ஒன்றரை லிட்டர் ஆகிவிட்டது! குளிர்ந்த நீர் வயிற்றைப் பிடித்தால் வெதுவெதுப்பாகக் குடியுங்கள். சோடா, கோலா போன்ற வாயு பானங்கள் வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுந்து நின்றதும் கண் இருண்டாலோ, காரணமில்லாமல் குமட்டினாலோ முதலில் நீரளவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

புரதம் நாளுக்குக் குறைந்தது 60 கிராம், 80 வரை போகலாம். முதல் நாளிலேயே எட்டாது, படிப்படியாக ஏற்றுங்கள். திரவ உணவு மட்டும் எடுக்கும் முதல் இரண்டு வாரத்தில் இதுதான் கடினம், ஏனென்றால் தெளிந்த சூப்பில் புரதம் மிகக் குறைவு. பாலைக் கெட்டியாக்குவது எளிய வழி. கொழுப்பு நீக்கிய பால் அரை லிட்டரில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30 கிராம் கரைத்தால் மொத்தம் 27 கிராம் புரதம் தேறும், குடிக்கும் அளவோ அதிகம் ஏறாது. இதை நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் குடிக்கலாம். வே (whey) என்ற பால் புரத பவுடர் கலப்பதானால் கொதிக்கும் பாலில் போடாதீர்கள், திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். ஆறிய பாலில் மேலே தூவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு மூடிய பாட்டிலில் குலுக்குங்கள். நுரை அடங்கின பிறகு குடியுங்கள். நுரையோடு விழுங்கினால் காற்று உள்ளே போய் வலிக்கும். அறுவைக்குப் பிறகு சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. வயிறு உப்பி, பேதியானால் லாக்டோஸ் நீக்கிய பாலோ சோயா பாலோ பாருங்கள்.

மூன்றாம் வாரம் தொடங்கி மசித்த உணவு. இதைச் சரியாகச் செய்வது எப்படி என்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் கோளாறு பக்குவத்தில்தான். நன்றாக வெந்த, எலும்பில்லாத கோழிக்கறி 60 கிராம், அது வெந்த நீர் 90 மில்லி. சூடாக இருக்கும்போதே மிக்ஸியில் இரண்டு நிமிடம் விடாமல் அரையுங்கள். ஆறிய பிறகு அரைத்தால் நார்நாராக நிற்கும். அரைத்ததை வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். வடிகட்டியில் தங்கும் நாரை விட்டுவிடுங்கள். கீழே இறங்கியதைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மெல்ல வழுக்கி விழ வேண்டும். தண்ணீராக ஓடினால் புரதம் நீர்த்துவிட்டது, கரண்டியிலேயே ஒட்டினால் இன்னும் கொஞ்சம் நீர் வேண்டும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் 30 மில்லி குழியில் ஐந்து கட்டி வரும், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 3 கிராம் புரதம். வேளைக்கு இரண்டோ மூன்றோ கட்டி போதும். மீனுக்கும் பருப்புக்கும் இதே முறை, பருப்பில் தோலை வடிகட்டிவிட வேண்டும்.

ஐந்தாம் வாரத்தையொட்டி மென்மையான உணவு: இளசாகக் கிண்டிய முட்டை, உதிரும் மீன், கெட்டித் தயிர், குழைய வெந்த காய். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், வடித்தெடுத்த கெட்டித் தயிர் 100 கிராமில் ஏறக்குறைய 9. முட்டையைச் சிறு தீயில் கிண்டி, லேசாக ஈரம் இருக்கும்போதே இறக்குங்கள். முறுகிய முட்டை தொண்டைக்குக் கீழே போய் ரப்பர் போல நின்றுவிடும். ஆறின கறியை மறுபடி சூடாக்கும்போதும் இதே தொல்லை, குழம்போ சாறோ சேர்க்காமல் சூடாக்காதீர்கள். ரொட்டியும் சோறும் பிந்தி வரட்டும். ரொட்டி எச்சிலில் உருண்டையாகித் திரண்டு அடைக்கும், சோறு வயிற்றில் ஊதும்.

சாப்பிடும் முறைக்கு வருகிறேன். குழந்தைக்கு ஊட்டும் சின்ன கரண்டி, சிறு தட்டு. வாயில் போட்டதும் கரண்டியைக் கீழே வையுங்கள், கூழாகும்வரை மெல்லுங்கள், அரை நிமிடம் விட்டு அடுத்தது. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் மாவுப்பொருள். அரை மணிக்குள் முடியாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி கழித்துத்தான். நடுவில் குடித்தால் இருக்கிற சிறு இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

நிறுத்த வேண்டிய நேரத்தை வயிறு சொல்லும், ஆனால் பழைய குரலில் சொல்லாது. சட்டென்று விக்கல், மூக்கில் நீர் வடிதல், நெஞ்செலும்புக்குக் கீழே ஓர் அழுத்தம். அதுதான் அறிகுறி. அதற்குப் பிறகு போகும் ஒரே ஒரு கரண்டி வாயில் வெள்ளை நுரையாக எச்சில் ஊற வைத்து, அரை மணி நேரம் பாடாய்ப் படுத்தும். பக்கத்தில் இருப்பவர் அன்பாக ‘இன்னும் ஒரு வாய்’ என்று நீட்டினாலும் மறுத்துவிடுங்கள் அக்கா. தட்டில் மீதம் வைப்பது மரியாதைக் குறைவில்லை.

இன்னொரு வலை உண்டு. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிறைந்த உணர்வே தராது. கறியும் முட்டையும் சிரமப்படுத்திய நாளில் கை தானாக அங்கே போகும். அறுவைக்குப் பிறகும் எடை திரும்ப ஏறுவதற்கு இது ஒரு வழி. இனிப்பு அதிகமானால் டம்பிங் வேறு. சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் கொட்டும்போது குடல் நீரை இழுத்துக்கொள்ளும். 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி. இரைப்பை பைபாஸ் என்ற வேறு வகை எடைக்குறைப்பு அறுவை செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கிக் கண் இருண்டால் அது வேறு வகை, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. இரண்டாவது வகை திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மாத்திரைகள் வாழ்நாளுக்கும். மல்டிவைட்டமினோடு பி12 நாளுக்கு 350 முதல் 1,000 மைக்ரோகிராம், வைட்டமின் டி3 3,000 யூனிட், மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம் என்பது வழக்கமான பரிந்துரை. கால்சியம், உணவில் வருவதையும் சேர்த்து 1,200 முதல் 1,500 மில்லிகிராம். அதில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள், கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், உங்களுக்கு இப்போது அது குறைவு. ஒரே தடவையில் 500, 600க்கு மேல் உடம்பு ஏற்காது, பிரித்துப் போடுங்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி, இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரும்பை டீ, காபியோடு போடாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே போடுகிற மருந்தைப் பழைய அளவிலேயே தொடராதீர்கள். சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு அவை அளவுக்கு மீறி இறக்கிவிடும், மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். வலிக்கு இபுபுரூஃபன் வகை மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது, வயிற்றில் புண் வரும்.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொத்தாகக் கொட்டும், பயப்படாதீர்கள். வேகமாக எடை இறங்கும் அதிர்ச்சியில் வேர்கள் ஓய்வுக்குப் போவதால் வருவது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதத்தில் திரும்ப முளைக்கும். 3, 6, 12 மாதத்திலும் பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்ட வேண்டியவை. வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வீட்டில் உட்கார்ந்து பொறுக்காதீர்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு. அது தீர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும், மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். அவசரப் பிரிவில் போனதும் எடைக்குறைப்பு அறுவை நடந்தது, பல நாளாக வாந்தி என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போடச் சொல்லிக் கேளுங்கள். கூட வருபவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, ஓய்விலும் நாடி நிமிடத்துக்கு 120ஐ ஒட்டித் துடித்தாலோ, வயிற்று வலி கூடிக்கொண்டே போனாலோ, இடது தோளில் வலி ஏறினாலோ தையல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நடு இரவானாலும் கிளம்பிவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும் அப்படியே.

அன்புடன்,
உங்கள் தங்கை