நன்றி மடல்: நீல மூடி ஃபிளாஸ்க் யாருடையது?

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் பதினொரு பாத்திரங்கள் கழுவித் துடைத்துக் கவிழ்த்துக் கிடக்கின்றன. ஒன்றுகூட எங்களுடையது இல்லை. இரண்டு தூக்குகள், ஒரு டிபன் கேரியர், மூடி மாறிப்போன டப்பாக்கள், ஒரு ஃபிளாஸ்க். எது யாருக்குப் போக வேண்டும் என்று போன வாரம் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதப் பட்டியல் பாத்திரங்களைத் தாண்டிப் போய்விட்டது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் ஒருவருடையது. நடு இரவில் நாங்கள் கெடுத்த தூக்கம் இன்னொருவருடையது. என் மகள் பதினாறு நாள் படுத்திருந்த கட்டில் வேறொருவருடையது. பாத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன். மற்றவற்றுக்குத்தான் இந்த மடல்.

விசாரித்தவர்களுக்கு முதலில் செய்தி. கொரோனாவோடு போன அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு நாற்பது நாள். வீட்டுக்குள் துணையில்லாமல் நடக்கிறார். மாடிப்படியில் ஆறாவது படியில் மட்டும் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். கணவருக்கு மோப்பம் பாதி திரும்பியிருக்கிறது. பெட்ரோல் வாசனை தெரிகிறது, சோப்பு வாசனை தெரியவில்லை. எனக்குச் சீப்பில் கொத்தாக முடி வருகிறது. காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான், தானாக நின்றுவிடும் என்கிறார் டாக்டர். பெரியப்பா திரும்பவில்லை. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

2020-இல் கொரோனாவின் முதல் அலையின்போது, வாங்கிவந்த பைகளைக்கூடக் கழுவிக் காயவைத்த குடும்பம் எங்களுடையது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெருமிதத்தில்தான் கொஞ்சம் அசந்தோம். 2021-இல் இரண்டாவது அலை வந்தபோது அது ஆளைப் பார்த்து வரவில்லை, வீட்டைப் பார்த்து வந்தது. கணவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல், வியாழனுக்குள் எனக்கும் அம்மாவுக்கும். மகளுக்கு மட்டும் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. உலக சுகாதார அமைப்பு அந்த ஆண்டு மே 31 அன்று புது வகைக்கு ‘டெல்டா’ என்று பெயர் வைத்தது. எங்களுக்கு வந்தது அதுதானா என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது!

“குழந்தையை இங்கே அனுப்பு” என்று சொன்ன தோழிக்கு: நீ ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். தொற்று இல்லை என்று வந்த முடிவு அன்றைய முடிவுதான், பதினான்கு நாள்வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம் என்பது உனக்கும் தெரியும். உன் வீட்டில் வயதான மாமனார். அவரைக் கொழுந்தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்னறையைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாய் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் நீ நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாய். அவள் அறைக்குள், நடுவில் திறந்த கதவு, இருவர் முகத்திலும் முகக்கவசம். அந்த இடைவெளியிலேயே அவளுக்குப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்துவிட்டாய். தையல் தப்பினால் வந்து பிடித்துக் காட்ட முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். அதனாலோ என்னவோ, அவள் பின்னிய துண்டு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கிறது.

“பாட்டி செத்துப்போய்விடுவாரா?” என்று அவள் கேட்டபோது, “சேச்சே, அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று நீ வாயை அடைக்கவில்லை. “எனக்குத் தெரியாது. இன்று காலையில் ஆக்சிஜன் 95 இருந்தது. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றாயாம். மகள்தான் சொன்னாள். நானாக இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன், அவளும் கண்டுபிடித்திருப்பாள்.

அவளுக்கு ஒரு வேலை கொடுத்ததும் நீதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் மூன்று பேருடைய அளவுகளையும் படம் எடுத்து அனுப்ப, அவள் கணக்கு நோட்டில் கோடு போட்டு எழுதுவாள்: மணி, காய்ச்சல், ஆக்சிஜன், நாடி. ஆறாம் நாள் இரவு பத்தரைக்கு அவளிடமிருந்து அழைப்பு. குரல் நடுங்குகிறது. “அம்மா, பாட்டிக்கு 86 என்று இருக்கிறது.” எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த நேரத்தில் டாக்டரை எழுப்பினோம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “படம் எந்தப் பக்கம் நின்று எடுத்தது?” கட்டிலின் தலைமாட்டில் நின்று எடுத்திருந்தேன். போனைத் திருப்பிப் பார்த்தால் 98. தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86 ஆகிவிடும் என்று நாற்பது வயதில் கற்றுக்கொண்டேன். டாக்டர் திட்டவில்லை. “எழுப்பியது சரிதான். நாளையிலிருந்து கால்மாட்டில் நின்று எடுங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டாக்டர், உங்களை நாங்கள் இன்னும் நேரில் பார்த்ததில்லை. தோழியின் அக்காவோடு படித்தவர் என்கிற நூலிழைதான் உறவு. நீங்கள் செய்தவற்றைவிட, செய்ய மறுத்ததற்கு என் முதல் நன்றி. ஐந்தாம் நாள் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மருந்துச் சீட்டு சுற்றியது. நோயாளியின் பெயர் அடிக்கப்பட்ட, யாருக்கோ எழுதிய சீட்டு. அதில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இருந்தது. நாங்களும் வரவழைத்துவிட்டு உங்களிடம் கேட்டோம். “அம்மாவுக்கு ஆக்சிஜன் 97 இருக்கிறது. இப்போது இது வேண்டாம், கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும்” என்றீர்கள். எல்லோரும் கொடுக்கிறார்களே என்று நான் வாதாடினேன். பகல் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்த உங்களுக்கு, போனை வைத்துவிடுவது எளிது. நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள்: 2020 ஜூனில் பிரிட்டனில் ‘ரெகவரி’ என்ற ஆய்வின் முடிவு வந்தது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை இந்த மருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் தெரியவில்லை.

மாத்திரை அட்டை மேசை இழுப்பறையில் காத்திருந்தது. எட்டாம் நாள் மாலை அம்மாவுக்கு 91. இந்த முறை கால்மாட்டில் நின்றுதான் எடுத்தேன். அம்மாவோ கொடியில் துணி காய்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்; மூச்சுத் திணறலே இல்லை. உள்ளே ஆக்சிஜன் இறங்குவது ஆளுக்கே தெரியாமல் இருக்கும் என்று நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால், நன்றாகத்தானே பேசுகிறார் என்று விட்டிருப்போம். அன்று அதே மாத்திரையை, நாளுக்கு 6 மில்லிகிராம் என்று, நீங்களே தொடங்கச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை தேடச் சொன்னீர்கள். படுக்கை கிடைக்கும்வரை குப்புறப் படுக்கச் சொன்னீர்கள். எங்களுக்குப் புரியவில்லை என்றதும், வீடியோவில் உங்கள் கட்டிலிலேயே குப்புறப் படுத்து, கழுத்துக்கு ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை இரண்டு, கணுக்காலுக்கு இரண்டு என்று காட்டினீர்கள். பின்னால் யாரோ ஒரு சிறுவன் சிரித்தான். உங்கள் மகனாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நேரில் நன்றி சொல்ல முடியாத ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறேன். விரலில் ஒளியைப் பாய்ச்சி, நாடித் துடிப்பை வைத்தே ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கலாம் என்று 1974-இல் வழி கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. 2020 ஏப்ரலில், அவருடைய கருவியை உலகமே தேடி ஓடிய நேரத்தில், அவர் காலமானார். கருவியைக் கேட்டவுடன் வாசலில் வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டு அண்ணனுக்கு அடுத்தபடியாக அவருக்கு நன்றி.

படுக்கை தேடிய அந்த இரண்டு இரவுகளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். கையில் வந்த பட்டியல்களில் பாதி எண்கள் அடித்துக்கொண்டே இருந்தன. மீதியில் பாதி ‘ஏற்கெனவே நிரம்பிவிட்டது’. பட்டியல் அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், ஆனால் ஒருவரும் அந்த எண்ணை அழைத்துப் பார்த்ததில்லை. ஒரு கல்லூரி மாணவி மட்டும் வேறுவிதமாகச் செய்தார். அவர் அனுப்பியது மூன்றே மூன்று எண்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘நான் பேசினேன், காலை 9.20’, ‘பேசினேன், 9.35, சிலிண்டர் உண்டு, படுக்கை இல்லை’ என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு ஆக்சிஜன் அந்த இரண்டாவது எண்ணில்தான் கிடைத்தது. தங்கையே, உன் முகம் தெரியாது. தேர்வு நேரம் என்று பிறகு கேள்விப்பட்டேன். நன்றாக எழுதினாயா?

ஆக்சிஜன் செறிவூட்டி இயந்திரம் தந்த குழுவினருக்கு: நீங்கள் கருவியை இறக்கிவிட்டுப் போகவில்லை, பாடமும் நடத்திவிட்டுத்தான் போனீர்கள். அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை அனுப்புகிறது, எனவே தீர்ந்துபோகாது. ஆனால் மின்சாரம் போனால் நின்றுவிடும், அதற்குத்தான் பக்கத்தில் சிலிண்டர். 10 லிட்டர் சிலிண்டரில் அடைத்திருப்பது சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிய பிறகுதான் நான் அன்று கண்ணை மூடினேன். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்களுக்கு முன் ஏழு வீடுகள். தேதி, ஓடிய மணி, வடிகட்டி கழுவியது என்று ஒவ்வொருவர் கையெழுத்திலும் இருந்தது. ஐந்தாவது வரியில் தேதி மட்டும் இருந்தது, மற்றக் கட்டங்கள் காலி. நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் படுக்கை கிடைத்தது. அம்மா பதினொரு நாள் உள்ளே இருந்தார். எங்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. கவச உடைக்குள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்ததால், முதுகில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்களாம். அம்மாவுக்கு இன்றும் அவர்களை முகத்தால் தெரியாது, கையெழுத்தால் தெரியும். “கோணல் எழுத்துப் பெண்தான் தலை வாரிவிட்டாள்” என்கிறார். தினமும் மாலை அம்மாவின் போனைச் சார்ஜ் போட்டு, இரண்டு நிமிடம் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு அது வேலையில் சேர்த்தி இல்லை. நன்றி அக்கா.

பெரியப்பா போனது அந்த நாட்களில்தான். அண்ணன்மார் இருவருமே தொற்றோடு படுக்கையில். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று, பெரிய அண்ணன் தன் காய்ச்சலோடு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, “சித்திக்கு யாரும் போன் செய்யாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டார். தன் தகப்பனார் போன மறுநாள் செய்த வேலை அது. கடைசிக்கு நாலு பேர் வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொல்வோம். அன்று வந்த நாலு பேரையும் எங்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் போனைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பிடித்து அண்ணன்மாருக்குக் காட்டியிருக்கிறார். தூக்குவதற்கு முன், “வீட்டில் இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?” என்று கேட்டு, அந்தப் பெயராலேயே ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் தூக்கினாராம். இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தெம்பில்லை.

விடுப்பு நாட்களை எண்ணாத என் மேலாளருக்கும், கேமராவை அணைத்துவிட்டு வகுப்பில் உட்கார மகளை அனுமதித்த ஆசிரியைக்கும், மருந்துப் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு மணி அடித்துச் சொன்ன தம்பிக்கும் நன்றி. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். நாற்பது நிமிடம் தாமதம் என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவர் அன்று காலையிலிருந்து இறங்கவே இல்லை என்று உதவியாளர் பிறகு சொன்னார்.

இனி பாத்திரங்கள். “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று கேட்டவர்கள் பலர். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் 102 டிகிரிக் காய்ச்சலில் எது வேண்டும் என்று யோசிப்பதே ஒரு வேலை. மாடி வீட்டு அம்மா அப்படிக் கேட்கவில்லை. “இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு வாசலில் இருக்கும். இன்று எத்தனை பேரால் சாப்பிட முடியும்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு விரலைக் காட்டினாலே போதும். அவரைப் பார்த்து மற்ற வீடுகளும் முறை போட்டுக்கொண்டன என்று நினைக்கிறேன், ஏனென்றால் பத்தொன்பது நாள் ஒரு வேளையும் தவறவில்லை.

பாத்திரங்களில் எட்டுக்கு ஆள் தெரிந்துவிட்டது. இரண்டில் அடியில் பெயர் வெட்டியிருக்கிறது, கண்ணாடி போட்டுப் படித்துவிடுவேன். ஃபிளாஸ்க்தான் புரியவில்லை. நீல மூடி, பக்கத்தில் சின்ன நசுங்கல். எட்டாம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் இருந்தது. உள்ளே வெந்நீர், கை பொறுக்கும் சூட்டில். மாடி வீட்டு அம்மா தன்னுடையது இல்லை என்கிறார். எதிர்வீட்டு அண்ணனும் இல்லை என்கிறார். யாருடையது என்று சொல்லி அனுப்புங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம்.