ஹிஸ்டரிக்கு ஏன் சிவப்பு வட்டம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, தனக்குப் பிடித்த பாடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். ஹிஸ்டரி, சயின்ஸ் இரண்டையும் சின்ன எழுத்தில் தொடங்கி, இங்கிலீஷை மட்டும் கேப்பிடலில் தொடங்கியிருந்தாள். அதுதான் சரி. ஆனால் நோட்டு திரும்பி வந்தபோது ஹிஸ்டரிக்கும் சயின்ஸுக்கும் சிவப்பு வட்டம். ஒரு மார்க் குறைந்ததோடு, பத்து முறை இம்போசிஷனும் எழுதச் சொல்லியிருந்தார்கள். சரியாகத் தெரிந்த பிள்ளை உட்கார்ந்து பத்து முறை தவறாக எழுதியதைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அச்சகத்தில் 30 ஆண்டுகள் புரூஃப் பார்த்தவன் நான். இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு சொல்ல முடியும். டைம்டேபிளிலும் நோட்டு லேபிளிலும் மார்க் ஷீட்டிலும் எல்லாப் பாடங்களும் கேப்பிடலில்தான் தொடங்குகின்றன. அவை தலைப்புகள், அதனால் அப்படி. வாக்கியத்துக்குள் வரும்போது கணிதமும் வேதியியலும் வரலாறும் வெறும் பொதுச்சொற்கள். மொழிகள் அப்படியல்ல. இங்கிலீஷ், தமிழ், பிரெஞ்சு எல்லாம் பெயர்கள், எங்கே வந்தாலும் கேப்பிடல். 'இந்தியன் ஹிஸ்டரி' என்று எழுதினால் முதல் சொல்லுக்கு மட்டும்தான். 'மேத்தமேடிக்ஸ் பேப்பர் ஒன்' என்பது குறிப்பிட்ட ஒரு தாளின் பெயர், அங்கே மேத்தமேடிக்ஸுக்கும் கேப்பிடல் வந்துவிடும். கிழமைக்கும் மாதத்துக்கும் உண்டு, கோடை குளிர் போன்ற பருவங்களுக்குக் கிடையாது.

இன்னொரு காரணமும் எனக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் கேப்பிடல் பெறும் 'ப்ராப்பர் நவுன்' என்பதைச் சிறப்புப்பெயர் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் தமிழ் இலக்கணத்தில் பறவை என்பது காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். அதாவது ஒரு வகையைக் குறித்தாலே அது நமக்குச் சிறப்புப்பெயர்தான். ஆங்கிலத்தில் மரங்கொத்திக்குக் கேப்பிடல் இல்லை. நீங்கள் ஒரு மரங்கொத்தியை வளர்த்து அதற்கு ஒரு பெயர் வைத்தால், அந்தப் பெயருக்குத்தான் கேப்பிடல். தமிழில் மரங்கொத்தியைச் சிறப்புப்பெயர் என்று படித்த பிள்ளை, அறிவியலின் ஒரு வகையான கெமிஸ்ட்ரியையும் அப்படியே நினைத்துக் கேப்பிடல் போடுகிறது. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேச்சே இல்லாததால், கை பழகித் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. இந்த வித்தியாசத்தை ஆங்கில வகுப்பில் ஒரு பத்து நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல மனமில்லை. கட்டுக்கட்டாகத் திருத்துகிறவர்களின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் இம்போசிஷன் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அகராதியைப் புரட்டலாமே. பாடப்பெயர் அங்கே சின்ன எழுத்தில்தான் இருக்கும். உங்கள் மாணவர் பகுதியிலும் இதைப் பற்றி ஒரு சிறு விளக்கம் வெளியிட வேண்டுகிறேன். வந்தால், அதை வெட்டி என் பேத்தியின் நோட்டில் அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்