மிரட்டுவது குழந்தையின் வேலை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பேய் நகைச்சுவைக் குறும்படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அம்மாவுக்கு மறுமணம், வீட்டுக்குப் புதிதாக வந்த அப்பா, அவரை மட்டும் கதிகலங்க வைக்கும் ஒரு விபரீதக் குழந்தை. 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'லிட்டில் ஈவில்' இதே முடிச்சில் எடுத்த படம்தான். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் சிலரும் இப்படி ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அவர்களிடம் உங்கள் கட்டுரை, குழந்தை 'மிரட்டலாக நடிக்க வேண்டும்' என்று சொல்கிறது. எடிட்டிங்கிலும் ஒலிப்பதிவிலும் வேலை பார்க்கும் எங்களால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. குழந்தையை மிரட்டச் சொன்னால் படம் கெடும், அந்தப் பிள்ளையும் படாத பாடு படும்.

முதலில் கதை. செம்பூரில் ஒரு ஒன் பி.ஹெச்.கே. வீடு என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அம்மாவோடு உள்ளறையில் படுத்த ஏழு வயதுப் பெண் இப்போது ஹாலில் பாட்டியோடு படுக்கிறாள். இரவு இரண்டு மணிக்குப் புது அப்பா கண்ணைத் திறந்தால் கட்டிலோரம் அவள் நிற்கிறாள். அசைவில்லை. "அங்கிள், தள்ளிப் படுங்க" என்கிறாள். அவருக்குக் குலை நடுங்குகிறது. அவளோ போன மாதம் வரை தான் படுத்த இடத்தைத்தான் கேட்கிறாள். பயமும் சிரிப்பும் ஒரே வரியில் இருக்கின்றன. அவள் மீது நமக்குக் கோபமும் வரவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் புது அப்பா எதைக் கண்டு பயப்படுகிறார் என்று எழுதுங்கள், வலப்பக்கம் குழந்தைக்கு அப்போது என்ன வேண்டும் என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள். எங்கள் கைக்கு வரும் பல கதைகளில் இடப்பக்கம் மட்டும் நிரம்பி வழிகிறது: செத்த காக்கை, தலை திருகிய பொம்மை, தானாக ஆடும் ஊஞ்சல். குழந்தைக்கு எந்த நியாயமும் இல்லாமல் போனால், மறுமணம் செய்துகொண்ட அம்மாவுக்குக் கிடைத்த தண்டனை போலப் படம் முடிகிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் படங்களைப் போனில் பார்க்கிறார்கள் என்பதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனி நடிப்பு. இயக்குநர் கண்ணை உருட்டிக் காட்டினால் குழந்தை அதைப் பார்த்து அப்படியே செய்யும். திரையில் அது சீரியல் வில்லி மாதிரிதான் தெரியும். ஆறாவது, ஏழாவது டேக்குக்கு மேல் போனால் பாவனை கூடிக்கொண்டே போகும், இயல்பு போய்விடும். பெரும்பாலும் முதல் இரண்டு டேக்கில்தான் வேண்டியது இருக்கும். குழந்தை ஒன்றுமே செய்ய வேண்டாம். ஒரே சலனமற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசியாகவும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கமாகவும் தெரியும் என்று நூறு ஆண்டுக்கு முன்பே ரஷ்யாவில் இயக்குநர் குலெஷோவ் காட்டிவிட்டார். அம்மா கேமராவுக்குப் பின்னால் நின்று "காலையில டிஃபனுக்கு என்ன சாப்பிட்டே?" என்று கேட்கட்டும். பதிலை யோசிக்கும் அந்த இரண்டு வினாடி முகம் போதும். கண் சிமிட்டாதே என்று சொல்லவே கூடாது; சொன்னால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், உடனே சிரிப்பும் வந்துவிடும். சிமிட்டலுக்கு முந்தைய ஃபிரேமில் எடிட்டர் வெட்டிக்கொள்வார்.

அந்த வயதுப் பிள்ளையின் கண் மட்டம் சுமார் மூன்றரை அடி. கேமராவை இரண்டரை அடிக்கு இறக்கிச் சற்றே மேல்நோக்கி வைத்தால், அவள் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்பதுபோல் தெரிவாள். கேலிக் காட்சிக்கு அவள் கண் மட்டத்துக்கே ஏற்றி, இருவரும் தலை முதல் கால்வரை தெரியும்படி தள்ளி வையுங்கள். ஆறடி ஆள் நாலடிப் பிள்ளைக்குப் பயப்படுவது அந்த அகல ஷாட்டில்தான் தெரியும். வீடு சின்னதென்று அகலமாகக் காட்டும் 24 மி.மீ. லென்ஸை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, பயம் கேலிச்சித்திரம் ஆகிவிடும். சமையலறை மூலையில் நின்றுகொண்டு 50 மி.மீ.யில் கதவு வழியாக எடுத்தால் தப்பிக்கலாம். கண்ணில் ஒளிப்புள்ளியாக மின்னும் விளக்கைக் கறுப்புத் துணியால் மறைத்தாலே பார்வை உயிரற்றுப் போகும். குழந்தைக்குக் கலர் கான்டாக்ட் லென்ஸ் மாட்டவே மாட்டாதீர்கள்.

அவள் நடந்து வருவதை வினாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் நான்கு வினாடி ஐந்தாக நீளும். எது சரியில்லை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, உடம்புக்கு மட்டும் தெரியும். வசனம் இருக்கும் ஷாட்டில் இதைச் செய்யக்கூடாது, உதடு ஒத்துப்போகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டின் கீழ் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைக்காவிட்டால் படம் துடிக்கும். அதைப் பேயின் வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாதி பயம் காதில் இருக்கிறது. 1976இல் வந்த விபரீதக் குழந்தைப் படமான 'தி ஓமன்' படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசைக்குத்தான். நகைச்சுவைப் படம்தானே என்று ஒவ்வொரு சிரிப்புக்கும் 'டொய்ங்' போட்டுவிட்டால் பயம் செத்துவிடும், பின்னாலேயே சிரிப்பும் செத்துவிடும். இசை கடைசிவரை இதை நிஜமான திகில் படமாகவே நம்ப வேண்டும். அதிர்ச்சி வந்ததும் 12 ஃபிரேமாவது, அதாவது அரை வினாடியாவது, சும்மா விடுங்கள், பிறகு அப்பாவின் முகம், அதற்கும் பிறகுதான் வசனம். மூன்றையும் ஒரே இடத்தில் திணித்தால் ஒன்றும் தேறாது.

படப்பிடிப்பு முடிந்ததும் அதே அறையில், அதே ஆட்கள் பேசாமல் நிற்க, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அறையின் வெறும் ஓசையை, பதிவு செய்துகொள்ளுங்கள். அது கையில் இருந்தால்தான் பயக் காட்சிக்கு முன்னால் அறையின் ஓசையை மெல்ல வடித்துக்கொண்டே வர முடியும். ஆனால் முழு மௌனம் வைத்துவிடாதீர்கள், போன் பழுதென்று நினைத்து ஒலியைக் கூட்டிவிடுவார்கள். இரைச்சல் பதிவாகாமல் இருக்க ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு ஒலிப்பதிவு செய்பவர் தன் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால், திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது; அடுத்தவர் வீட்டுப் பாலும் கெடாது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறுமும் ஒலி போன் ஸ்பீக்கரில் கேட்காது. அதன் மேல் 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் இன்னொரு அடுக்கு சேர்த்தாக வேண்டும்.

நாங்கள் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அப்பாவாக நடிப்பவர் அலறுகிற ஷாட்டைக் குழந்தை வீட்டுக்குப் போன பிறகு எடுங்கள். அவர் பார்க்க வேண்டிய இடத்தில் லைட் ஸ்டாண்டில் மூன்றரை அடி உயரத்தில் ஒரு டேப் ஒட்டினால் போதும். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்டுக்குக் குள்ளமான பெரியவர் ஒருவரை விக்குடன் நிறுத்தலாம். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினால் பகல் பதினொரு மணியும் நடு இரவுதான். தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

சட்டமும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் 2017 விதிகளும் சொல்வது: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பாகப் போக வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மும்பையில் பலரும் சறுக்குவது இங்கேதான். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம். செம்பூர், முலுண்ட், கோரேகாவ் எல்லாம் புறநகர் மாவட்டம். ஒரு நாள் தாராவி, மறுநாள் செம்பூர் என்றால் இரண்டு மாவட்டத்திலும் அனுமதி வாங்க வேண்டும். தேதியைக் குறிக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு குறும்படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, குழந்தை எத்தனை மணி நேரம் நடித்தது, அலறல் காட்சியின்போது அது அறையில் இருந்ததா என்று இயக்குநரிடம் கேட்டு ஒரு வரி போடுங்கள். எடிட்டர் பெயரையும் ஒலிப்பதிவாளர் பெயரையும் அதற்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
படத்தொகுப்பு, ஒலிப்பதிவுத் துறைத் தமிழ் வாசகர்கள்,
செம்பூர், மும்பை.