பள்ளி விட்டபின் யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பகுதிகளைச் சேர்ந்த சிறுவர்கள் கைப்பேசியைப் பறித்துப் பிடிபட்டார்கள், போதைப் பொட்டலத்துடன் சிக்கினார்கள் என்ற செய்தி தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம், வாசகர் பகுதியில் இரண்டு குரல்களே மாறி மாறி ஒலிக்கின்றன. சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்கிறது ஒன்று. பெற்றோரின் வளர்ப்புச் சரியில்லை என்கிறது மற்றொன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மும்பையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பிள்ளைகள் பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வீடு திரும்பும்வரை எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் எழுப்பாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சட்டம் ஏற்கெனவே கடுமையாக்கப்பட்டதுதான். 2012 டிசம்பரில் டெல்லியில் 18 வயது நிரம்பாத ஒருவனும் சேர்ந்து நிகழ்த்திய கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில் இயற்றப்பட்ட 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர் கொடுங்குற்றம் புரிந்தால், சிறார் நீதிக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்து, அவரை வயது வந்தவரைப் போல விசாரிக்க அனுப்பலாம். ஆனால் கொடுங்குற்றம் என்பது குறைந்தபட்சம் 7 ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றத்தையே குறிக்கும். கைப்பேசிப் பறிப்புக்கு இன்றைய குற்றவியல் சட்டத்தில் உச்ச தண்டனையே 3 ஆண்டுகள்தாம். ஆகவே நம் தெருக்களில் பெரும்பாலும் நடக்கும் குற்றங்களை அந்தக் கடுமை எட்டுவதே இல்லை. பிடிபட்ட சிறாரை வைத்திருக்கும் டோங்ரி கூர்நோக்கு இல்லத்துக்குப் போன பையன் ஜாமீனில் வெளிவந்து, அதே சந்தில், அதே படிக்கட்டில், அதே நண்பர்களுடன் மறுபடியும் உட்காருகிறான். "டோங்ரி போய்வந்தவன்" என்ற பெயர் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

பெற்றோர் மீதான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. பிடிபட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் 16 வயதுக்கு மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்பவர்கள். கேட்பாரற்ற பிள்ளைகள் என்று இவர்களை ஒதுக்கிவிட முடியாது. மாட்டுங்கா லேபர் கேம்பில் நான் வசிக்கும் சந்தில், விடியற்காலை மூன்று மணிக்கே இட்லிப் பானைகள் அடுப்பில் ஏறிவிடும்; ஆண்கள் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விற்கப் புறப்பட்டதும், பெண்கள் மாட்டுங்காவிலும் வடாலாவிலும் உள்ள அடுக்ககங்களுக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இருவரும் ஒன்றாக வீட்டில் இருப்பது இரவு எட்டு மணிக்கு மேல்தான். வீட்டுச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். இரண்டு வருமானம் இல்லாமல் இந்த ஊரில் வாடகை கட்ட முடியாது என்று தெரிந்தும், "அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டும்" என்று எழுதுவது எளிது.

இந்த நேர இடைவெளியை அமெரிக்காவில் வெகு காலத்துக்கு முன்பே கணக்கெடுத்திருக்கிறார்கள். பள்ளி நாட்களில் சிறாரின் வன்முறைக் குற்றங்கள் நள்ளிரவில் உச்சம் தொடுவதில்லை. பள்ளி விட்ட பிறகு, பிற்பகல் 3 மணியை ஒட்டிய நேரத்தில்தான் உச்சம் தொடுகின்றன என்றும், விடுமுறை நாட்களில் அந்த உச்சம் முன்னிரவுக்கு நகர்கிறது என்றும் அந்நாட்டு நீதித்துறையின் சிறார் பிரிவு வெளியிட்ட புள்ளிவிவரங்கள் காட்டின. அவர்களுக்கு இடைவெளி மூன்று மணி நேரம். மும்பையில் இரண்டு ஷிப்டாக நடக்கும் பள்ளியில் காலை ஷிப்ட் முடிந்து பையன் வெளியே வரும்போது நண்பகல். அங்கிருந்து இரவு எட்டு மணிவரை எண்ணிப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில், தகரக் கூரையின் கீழ், கோடைப் பிற்பகலில் எந்தப் பிள்ளையும் புத்தகத்துடன் உட்காராது. ஒர்லியில் மாணவர்கள் தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படிக்கும் சாலைக்கு 'அப்யாஸ் கல்லி' (படிப்புச் சந்து) என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளும் நகரம் இது. அந்தப் பெருமை எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருந்திருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு நானும் இரு நண்பர்களும் எங்கள் பகுதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பிற்பகல் இரண்டு மணி முதல் ஏழு மணிவரை ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும், பிறகு கேரம் என்பது ஏற்பாடு. உண்மையைச் சொன்னால் முதல் மாதம் பையன்கள் வந்தது சுண்டலுக்காக மட்டுமே. தட்டு காலியானதும் அறையும் காலியாகிவிடும். பிறகு கேரம் பலகையில் ஆடும் வரிசையை எழுதிவைக்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தோம். சந்து முனையில் பெரியவர்களுக்குப் பீடியும் குட்காவும் வாங்கிக் கொடுத்து, மீதிச் சில்லறையை வைத்துக்கொண்டு திரிந்தவன் அவன். மறுநாள் ஓரங்கள் சிவப்பு மையால் கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகத்துடன் இரண்டு மணிக்கு முன்பே வந்து கதவருகே நின்றான். என் கண்முன்பாகவே, ஆட வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையனை, "அண்ணா, உங்க நம்பர் ஆறு" என்று உட்காரவும் வைத்தான். அந்த ஆண்டு வந்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இருவர் எங்கள் கண்ணெதிரிலேயே கைநழுவிப் போனார்கள். அறையின் உரிமையாளர் வாடகையை உயர்த்தியதும் நாங்கள் மூட வேண்டியதாயிற்று.

அறையைத் திறந்தால் போதும் என்ற எண்ணமும் தவறு. அமெரிக்க மத்திய அரசின் நிதியில் பல மாநிலங்களில் நடந்த மாலை மையங்களை 2000களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, பலன் எதிர்பார்த்த அளவு இல்லை; சில பிள்ளைகளின் நடத்தை மோசமானதாகக்கூடத் தெரியவந்தது. ஒழுங்கான திட்டமும் பெயர் சொல்லி அழைக்கும் பெரியவரும் இல்லாமல் இருபது விடலைகளை ஓரிடத்தில் கூட்டினால், தெருமுனையைக் கூரைக்குள் கொண்டுவந்ததாகவே முடியும். அதே நாட்டில் சிகாகோவில், வன்முறை மலிந்த பகுதிகளின் இளைஞர்களுக்குக் குழுப் பயிற்சியும், ஆத்திரம் வரும் கணத்தில் நிதானிக்கும் பழக்கமும் கற்பித்த திட்டம் ஒன்றை, குலுக்கல் முறையில் அதில் சேர்த்தவர்களையும் சேர்க்காதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்ததில், அது நடந்த காலத்தில் சேர்ந்தவர்களிடையே வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. திட்டம் முடிந்த பிறகு அந்த அளவுக்கு நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓராண்டு நடத்திப் படம் எடுத்துவிட்டு மூடும் வேலை இதில் உதவாது.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் இழந்த கல்வியை மீட்கத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், பகுதியிலேயே வசிக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பு நடத்தினார்கள். குற்றத் தடுப்பு அதன் நோக்கமன்று. ஆனால் நமக்குத் தேவையான கட்டமைப்பு அதுவே. ஒரே குறை, அது 8ஆம் வகுப்போடு நின்றது. இங்கும் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மாலை வகுப்புகளில் சிறு குழந்தைகளே நிரம்பியிருக்கிறார்கள், மீசை அரும்பிய பையன் வந்தால் "நீ எதுக்குப்பா?" என்ற பார்வைதான் கிடைக்கும். வழக்குகளின் வயதுக் கணக்கோடு இதை ஒப்பிட்டால், யாருக்குக் கதவு அவசியமோ அவர்களுக்கே சாத்துகிறோம். பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்கும் போய்விடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அறை அருகில் இருந்து, ஒரு பெண் பொறுப்பாளரும் இருந்தால்தான் அவர்களை அனுப்புவார்கள்.

பணம் இல்லை என்று, 2025-26இல் 74,000 கோடி ரூபாயைத் தாண்டிய வரவு செலவுத் திட்டம் போட்ட மாநகராட்சி சொல்ல முடியாது. இடமும் இருக்கிறது. எங்கள் அறை மூடிய பிறகு, இப்பகுதிப் பள்ளி ஒன்றில் மாலை ஷிப்ட் முடிந்ததும் தரைத்தளத்தில் ஒரே ஒரு வகுப்பறையைக் கேட்டு எழுதினேன். மின்விசிறி உடைந்தால் யார் பொறுப்பு, காவலாளிக்கு மிகைநேரம் யார் கொடுப்பது என்று இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றுக்கு விடை எழுதிக் கொடுத்த பிறகு பதிலே வரவில்லை. கேள்விகள் நியாயமானவை, ஆகவே வார்டு அளவில் ஓர் ஆணை போட்டு, கல்வி உரிமைச் சட்டப்படி ஏற்கெனவே இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்து, காவலாளியின் கூலியையும் இரண்டு பொறுப்பாளர்களின் ஊதியத்தையும் மாநகராட்சி ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தாராவி மறுசீரமைப்பில் வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று பேசுபவர்கள், கட்டடத்துக்கு ஒரு படிப்பறையும் விளையாடும் இடமும் வரைபடத்தில் உண்டா என்றும் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மும்பையில் நம்மவர்களின் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் சொந்த மண்டபங்கள் உள்ளன. முகூர்த்த நாட்கள் போக, வார நாட்களின் பிற்பகலில் அவற்றில் நாற்காலிகள்தாம் அடுக்கிக் கிடக்கின்றன. வாரத்தில் நான்கு நாள் இரண்டு மணி முதல் ஏழு மணிவரை இடம் தர முன்வரும் அமைப்புகளின் பெயர்களைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். எங்கள் கேரம் பலகைகள் இரண்டும் என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மாட்டுங்கா லேபர் கேம்ப், மும்பை.